இரண்டாவது பீப்பாய்

மீரட்
12.2.2006

அன்புள்ள அக்காவுக்கு,

மணி எழுதுகிறேன். இங்கே சௌக்கியம். குளிர் விட்டுவிட்டது. நீ கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி ஜனவரியோடு தீர்ந்துபோனது என்பதைத் தவிர வேறு குறை இல்லை. அத்தானுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? யோகேஸ்வரி அரையாண்டில் கணக்கில் என்ன வாங்கினாள் என்று நீ எழுதவே இல்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது.

போனில் பேசினால் "சாப்பிட்டாயா, என்ன குழம்பு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

என் வேலை என்னவென்று நீ கேட்கும்போதெல்லாம் "எண்ணெய் ஆராய்ச்சி" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். விஷயம் இதுதான். இங்கே கரும்பு ஆலைகளில் சக்கை மலைபோல் குவிகிறது. அந்தச் சக்கையை மூடிய உலையில் கொஞ்சமாகக் காற்று விட்டுச் சூடாக்கினால் எரிந்து சாம்பலாகாமல் வாயுவாகிறது. அந்த வாயுவைச் சூடான இரும்புத்தூள் வழியாக அனுப்பினால் மறுபக்கம் எண்ணெயாக இறங்குகிறது. அதைப் பக்குவப்படுத்தினால் டீசல். லாரிக்கு அப்படியே ஊற்றலாம், என்ஜினில் ஒரு திருகைக்கூட மாற்ற வேண்டாம். புகை குறைவு, கந்தகம் கிடையாது. எரியும்போது வரும் கரியமில வாயுவும் போன வருஷம் கரும்பு காற்றிலிருந்து இழுத்துக்கொண்டதுதான். பூமிக்கடியில் கிடந்ததைத் தோண்டி எடுத்துக் காற்றில் விடுகிற பாவம் இதில் இல்லை. உலகம் சூடாகிறது என்று பேப்பரில் படிக்கிறாயே, அதற்கு எங்களால் ஆன சிறு வைத்தியம்.

செப்டம்பரில் எங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற கமிட்டி கூடுகிறது. "வடக்கே குளிரில் செய்து வைத்திருக்கிறீர்கள், தெற்கத்தி வெயிலில் இது கெடாமல் இருக்குமா?" என்று கேட்கிறார்கள். கெட்டுப்போனால் வேலையை மூடிவிடுவார்கள். நம் லாரியில் ஒரு பீப்பாயை ஓட்டிப் பார்க்கவும், இன்னொன்றை நம் சரக்குக் கிட்டங்கியில் வெயில் காலம் முழுக்க வைத்துப் பார்க்கவும் அத்தான் சம்மதிப்பாரா? நீ சொன்னால் சம்மதிப்பார் என்று எனக்குத் தெரியும்.

பதிலை எதிர்பார்க்கும்
தம்பி மணிகண்டராஜ்


விருதுநகர்
24.2.2006

அன்புத் தம்பிக்கு,

அக்கா சொர்ணலட்சுமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கும் அவளிடமே சொல்லி வைத்திருக்கிறேன். அத்தானின் முட்டுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறேன். யோகேஸ்வரியின் கணக்கு மார்க்கைக் கேட்காதே.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "தாத்தா கடலைய ஆட்டி எண்ணெ எடுத்தாரு, ஒங்கப்பா அத டின்னுல அடைச்சு வித்தாரு, ஒந்தம்பி அம்புட்டுப் படிச்சுட்டுச் சக்கைய வச்சுக்கிட்டு எண்ணெ எடுக்கான். எங்க போனாலும் நம்ம எண்ணெக் கடைக்காரங்கதானே!" என்றார். சிரித்தாரே தவிர, மனதுக்குள் பெருமைதான். மறுநாளே கிட்டங்கியில் மூலை ஒதுக்கிவிட்டார். இதைச் சிவகாசியில் வைப்பதென்றால் ஒருவனும் பக்கத்தில் சேர்க்க மாட்டான். நம் கிட்டங்கி எண்ணெய்க்கென்றே கட்டியது, கவலை இல்லை.

நம் டிரைவர் சங்கிலிமுத்து மார்ச்சில் டெல்லிக்கு நோட்டுப் புத்தக லோடு கொண்டுவருகிறான். திரும்பும்போது பீப்பாய்களை ஏற்றிவிடு.

சாத்தூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. பெண் பி.காம். வடக்கே அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, தகவலுக்காக எழுதினேன். அத்தான் மல்லாங்கிணர் ரோட்டில் இன்னொரு கடை போடலாமா என்று யோசிக்கிறார், பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதுவும் தகவல்தான்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


மீரட்
14.3.2006

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமே. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு. உன் இரண்டு தகவலும் கிடைத்தன.

சங்கிலிமுத்து அண்ணன் நேற்று வந்து பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மூடியைத் திறந்து மூன்று தடவை மோந்து பார்த்தார். "தம்பி, கோவிச்சுக்கிடாதீக. தண்ணி மாதிரி இருக்கு, ஒரு வாசனையும் இல்லையே, இது ஓடுமா?" என்றார். ஓடிய பிறகு சொல்லுங்கள் என்றேன்.

முதல் பீப்பாய் வண்டிக்கு. இரண்டாவதன் மேல் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டிருக்கிறேன். அது வெயில் காலம் முழுக்க அப்படியே இருக்கட்டும். கத்திரி வெயில் முடிந்ததும் அதிலிருந்து ஒரு பாட்டில் மட்டும் எடுத்து அனுப்பு. இங்கே வைத்திருப்பது கண்ணாடிபோல் நிறமே இல்லாமல் இருக்கிறது, அதுவும் அதேபோல் வந்தால் நான் ஜெயித்தேன்.

பருப்புப் பொடி வந்து சேர்ந்தது. சங்கிலிமுத்து அண்ணன் கையில் கொடுக்கும் முன்பே வாசனை வந்துவிட்டது.

அன்புடன்
மணி


விருதுநகர்
4.4.2006

அன்புத் தம்பி மணிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே நலம். பங்குனிப் பொங்கல் வேலையில் எழுத நேரமில்லை.

பீப்பாய்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. இரண்டையும் கிட்டங்கியில் இறக்கி, வீட்டுக்கு வந்த புது எண்ணெய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்து வைத்தாயிற்று. நீ கவலைப்படாதே.

வெள்ளிக்கிழமை முதல் பீப்பாயை வண்டியில் ஊற்றினோம். என்னதான் நடக்கிறதென்று பார்க்க நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஆமத்தூர் தாண்டும் வரை சங்கிலிமுத்து என்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான். அப்புறம்தான், "மதினி, வண்டி வெண்ணெ மாதிரி வளுக்கிட்டுப் போகுது" என்றான்.

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் பட்டாசு லோடு. பட்டாசு ஆலைக் கிட்டங்கி வாசல் வரை வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, என்ஜினை அணைத்த பிறகுதான் ஏற்றுவார்கள். பின்னால் எடுக்கும்போது அட்டைப் பெட்டியோடு நிற்கும் பொம்பிளைகள் எப்போதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் பொத்திக்கொண்டு நின்றார்கள். குருவம்மாள் என்று ஒருத்தி, பட்டாசு மருந்துத் தூசியில் வருஷக்கணக்காக வேலை பார்த்து எந்நேரமும் இருமுகிறவள். அவள்தான் முதலில் முந்தானையை எடுத்தாள்.

"அண்ணே, வண்டிய அணைச்சிட்டீகளா?"

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"பொக மூஞ்சியில அடிக்குமே, அதக் காணோமே? என்னத்த ஊத்துனீக?"

"மதினியோட தம்பி செஞ்ச எண்ணெ. கரும்புச் சக்கையில."

"அதான் வண்டி இனிப்பு தின்ன பிள்ள மாதிரி சமத்தா நிக்குது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நீ இருப்பது மீரட்டில்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மீரட்
10.5.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எங்கள் தலைமை விஞ்ஞானி சோலைச்சாமி சாருக்கு இந்தியில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்குத் தமிழ் தெரியும்வே, நான் கோவில்பட்டிக்காரன்" என்றார். இங்கே எல்லோரும் அவரை 'சார்' என்றே கூப்பிடுவதால் முழுப்பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. என் லட்சணம் இது. குருவம்மாள் சொன்னதை அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உங்கள் எல்லோருக்கும் சுகம்தானே? இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கே அதைவிடக் கொளுத்தும் என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. இரண்டாவது பீப்பாய் அந்த வெயிலைத் தாங்க வேண்டும்.

தாங்காவிட்டால் செப்டம்பரோடு இங்கே என் வேலை முடிந்தது. அப்புறம் மல்லாங்கிணர் ரோட்டுக் கடைக்கு உனக்கு ஆள் கிடைத்துவிடும். சும்மா சொன்னேன். பாட்டிலை மறக்காதே.

மணி


விருதுநகர்
6.6.2006

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு. கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. நீ சொன்னபடி சிவப்புக் கோடு போட்ட பீப்பாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துச் சங்கிலிமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன். நான் கைவேலையாக இருந்ததால் அவனே பிடித்துக் காகிதம் சுற்றிக் கட்டிவிட்டான்.

மேல்மாடி அறைக்கு வெள்ளையடித்தோம். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். சும்மா கிடக்கிற அறைதானே என்றுதான். சாத்தூர்க்காரர்கள் இன்னும் வேறு இடம் பார்க்கவில்லையாம்.

யோகேஸ்வரி மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். பிள்ளைகள் கேட்கத்தான் செய்யும்.

அக்கா


மீரட்
25.6.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எனக்கு மனசு சரியில்லை.

பாட்டில் வந்தது. காகிதத்தைப் பிரித்தேன். எண்ணெய் மஞ்சளாக இருக்கிறது. கண்ணாடியாக அனுப்பினேன், மஞ்சளாகத் திரும்பி வந்திருக்கிறது. டீசல் காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து கெடும்போதுதான் நிறம் ஏறும். மற்றச் சோதனைகள் நன்றாகத்தான் வருகின்றன, ஆனால் நிறத்தைப் பார்த்த பிறகு யாரும் அவற்றை நம்பவில்லை. சோலைச்சாமி சார்கூட பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நன்றாக யோசித்துச் சொல்லு அக்கா. பீப்பாயை யாராவது திறந்தார்களா? வேறு ஏதாவது உள்ளே போனதா? அப்படி எதுவும் இல்லை என்றால், கெட்டுவிட்டது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

மணி


மீரட்
20.7.2006

அன்புள்ள அக்காவுக்கு,

என் போன கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். ஒரு தடவை நீ கோயிலுக்குப் போயிருந்தாய். இன்னொரு தடவை தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பீப்பாயைப் பற்றி ஒரு வரி எழுது. போதும்.

மணி


விருதுநகர்
2.8.2006

அன்புத் தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் சுகம். ஆடி மாதம், வேலை அதிகம். அத்தானுக்கு முட்டுவலி தேவலை. யோகேஸ்வரி கணக்கில் முன்னேறியிருக்கிறாள். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் இல்லை, இங்கே குழாயில் வருகிற அன்றைக்குத் திருவிழாதான்.

சங்கிலிமுத்து பழையபடி பங்க் டீசல் ஊற்றித்தான் ஓட்டுகிறான். போன வாரம் விஸ்வநத்தத்தில் குருவம்மாள் அவனிடம், "அண்ணே, அந்த எண்ணெ தீந்துபோச்சா? இன்னும் வருமா? அது ஊத்துன நாள்ல நான் இருமாம வீடு போய்ச் சேந்தேன்" என்று கேட்டாளாம். அவன் வந்து என்னிடம் கேட்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


மீரட்
14.8.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம் என்று படித்ததும் நிம்மதி. நானும் நலம். இப்போது மனசு தெளிவாக இருக்கிறது, என்னைப் பற்றி விசாரப்படாதே.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி கமிட்டி. அதன் பிறகு என்ன செய்வதென்று முடிவு செய்துவிட்டேன். எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான். மேல்மாடி அறை ஜன்னலில் வேப்பமரம் தெரியுமே, அது இன்னும் இருக்கிறதா?

அன்புடன்
மணி


விருதுநகர்
27.8.2006

தம்பி,

சுகம் விசாரித்து ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கவரோடு ஒரு பொட்டலம் இருக்கும். பிரித்தால் ஒரு விரலி மஞ்சள் விழும். அதுதான் உன் இரண்டாவது பீப்பாய்க்குள் கிடந்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கிட்டங்கிக்குப் புது எண்ணெய் வந்தால் தொடுவதற்கு முன் ஒரு விரலி மஞ்சளைப் போட்டு அம்மனைக் கும்பிட வேண்டும். தாத்தா செய்தார், அப்பா செய்தார், நானும் செய்கிறேன். உன் பீப்பாய் வந்ததும் கை தானாக அதைச் செய்துவிட்டது. வண்டிக்கு ஊற்றியது சீக்கிரம் தீர்ந்துவிட்டது. இது வெயிலில் ஊறிக்கிடந்தது. டீசலுக்கு இதெல்லாம் ஆகாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று இருந்துவிட்டேன்.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்றே கிட்டங்கிக்குப் போய் மூடியைத் திறந்து, கம்பி விட்டு இதை எடுத்துவிட்டேன். அப்போதே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்தேன். மல்லாங்கிணர் ரோட்டுக் கடை, வெள்ளையடித்த அறை, சாத்தூர்ப் பெண் எல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டது. சொல்லாமல் இருந்தால் நீ இங்கே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன். ஆனால் தினமும் விளக்கேற்றப் போனால் இதுதான் முன்னால் கிடக்கிறது. அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கு மேல் குருவம்மாளின் கேள்வி.

பீப்பாயை மூடி அரக்கு வைத்து, சங்கிலிமுத்து வண்டியிலேயே ஏற்றிவிட்டேன். கமிட்டிக்கு முன் வந்துவிடும். இந்தக் கடிதத்தை உன் பெரியவர்களிடம் காட்டு. கேட்டால் நான் நேரில் வந்தும் சொல்வேன். என்னைக் கோபித்துக்கொள்வதானால் அப்புறமாகக் கோபித்துக்கொள்.

அக்கா சொர்ணலட்சுமி


மீரட்
20.9.2006

அன்புள்ள என் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. கமிட்டி சரி என்றுவிட்டது. பீப்பாய் எண்ணெயில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினேன். ஆலம் சுற்ற மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தது மாதிரி அடியில் சிவப்பாகத் தண்ணீர் இறங்கியது, மேலே எண்ணெய் கண்ணாடியாக நின்றது. எல்லாச் சோதனையும் தேறியது. உன் கடிதத்தைச் சோலைச்சாமி சார் வரிவரியாக மொழிபெயர்த்துப் படித்தார். "எண்ணெய் என்றால் எண்ணெய்தானே" என்ற இடத்தில் கமிட்டித் தலைவரே சிரித்துவிட்டார். விருதுநகர் வெயிலையும் தாங்கியது, விருதுநகர் மஞ்சளையும் தாங்கியது என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அடுத்து வேலிக்கருவை விறகில் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். அது நம் பக்கம் கிடைக்கிற அளவுக்கு எங்கே கிடைக்கும்? விறகு பார்க்க அடிக்கடி அங்கே வர வேண்டியிருக்கும்.

இனி நான் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் விஷயம் எனக்கு ஜூலைக் கடைசியிலேயே தெரியும்.

உன் பாட்டிலைத் துடைத்த கைக்குட்டையில் மஞ்சள் கறை இருந்தது. துவைக்கும்போது சோப்புப் போட்டேன், ரத்தமாகச் சிவந்தது. குழம்பு கொட்டிய சட்டையை நீ துவைக்கும்போது எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! உன் மஞ்சள்தான் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஓடிப்போய் சாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மஞ்சள் போட்டதை நீ மறந்திருக்க மாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் நீ சொல்லவில்லை என்றால், உனக்கு இந்த அளவுக்கு என்னைத் தேடியிருக்கிறது என்று அர்த்தம். படிக்கப் போன நாளிலிருந்து வெளியூரில் இருக்கிறேன். ஒரு தடவைகூட நீ "வந்துவிடு" என்று சொன்னதில்லை. ஜாதகத்தைச் சொன்னாய், கடையைச் சொன்னாய், வெள்ளையடித்த அறையைச் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. இந்த விரலி மஞ்சளை நீ அனுப்பாமல் இருந்திருந்தால், எண்ணெய் கெட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உன்னிடம் வந்திருப்பேன். ஆகஸ்டில் நான் செய்த முடிவு அதுதான்.

நீ அனுப்பினாய். எனக்கு உன்மேல் என்ன கோபம் இருக்க முடியும்?

உன் தம்பி
மணி


விருதுநகர்
30.9.2006

என் ராசாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தான் பயந்துபோய், "என்ன ஆச்சு, பரீட்சையில தோத்துட்டானா?" என்றார். "ஜெயிச்சுட்டான்" என்றேன். "அதுக்கு எதுக்கு அழுதே?" என்றார். இந்த ஆம்பிளைகளிடம் என்னத்தைச் சொல்ல!

சங்கிலிமுத்து இன்றைக்கு விஸ்வநத்தம் போகிறான். எண்ணெய் இன்னும் வரும் என்று குருவம்மாளிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இனி பீப்பாயில் மஞ்சள் போட மாட்டேன். வண்டி ஸ்டியரிங்கில் கட்டிக்கொள்கிறேன், அதற்கு உன் கமிட்டி ஒன்றும் சொல்லாதே?

வேப்பமரம் அப்படியேதான் இருக்கிறது. ஆலம் கரைக்க மஞ்சளும் சுண்ணாம்பும் எடுத்து வைத்துவிட்டேன். விறகு பார்க்க வருவது உன் வேலை, அது எப்போதோ வரட்டும். அதற்கு முன்னால், ஜாதகத்துக்காக இல்லை, கடைக்காக இல்லை, யோகேஸ்வரி கேட்டாள் என்பதற்காகவும் இல்லை. எனக்காக, இந்தத் தீபாவளிக்கு வா.

அக்கா